சத்து மாத்திரையை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்

மலேசியாவில் விற்கப்படும் சத்து மாத்திரைப் பெட்டியில் 'எம்.ஏ.எல்.' என்ற எழுத்துகளும் 8 இலக்கங்களும், அடுத்து 'என்' என்ற எழுத்தும் இருக்க வேண்டும். அது சுகாதார அமைச்சின் பதிவு எண். ஆனால், பதிவு பெற்றதெல்லாம் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று பொருளல்ல. தைராய்டு சுரப்புக் குறைவுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் கூடவே கால்சியத்தையோ இரும்புச் சத்தையோ விழுங்கினால், அந்த மருந்து உடலில் சரியாகச் சேராது. இரண்டுக்கும் 4 மணி நேர இடைவெளி தேவை. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு, வைட்டமின் கே மருந்தின் வேலையையே குறைத்துவிடும். "வெறும் சத்து மாத்திரைதானே" என்று மருத்துவரிடம் சொல்லாமல் விடுவதில்தான் ஆபத்து. அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது அந்தப் புட்டிகளையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.