‘சொன்னது என்ன ஆச்சு, டீச்சர்?’

(ஆசிரியர் கலந்துரையாடல் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



பெற்றோரிடமும் ஊராரிடமும் கருத்துக் கேட்டு, குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்கும் கிடைக்கிற சேவைகளைச் சரிசெய்வது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் இராமேசுவரம் தீவில் வேலை பார்க்கும் ஆசிரியை. தனுஷ்கோடிப் பக்கமிருந்து வரும் பிள்ளைகள் என் வகுப்பில் உண்டு. ஆகவே அந்தக் கரையை வைத்தே பேசுகிறேன். மலைப்பகுதியில் வேலை பார்ப்பவர்கள் கடல் என்கிற இடத்தில் காட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தனுஷ்கோடி என்றால் பலருக்கு இடிந்த தேவாலயமும் அரிச்சல்முனையும்தான் நினைவுக்கு வரும். 1964 டிசம்பர் 22 இரவு புயல் அடிக்கும் வரை அங்கே ரயில் நிலையம், துறைமுகம், அஞ்சலகம், சுங்க அலுவலகம், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. புயலுக்குப் பின் அது மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. ஆனால் மீன் அங்கேதானே இருக்கிறது? மீனவக் குடும்பங்கள் திரும்பிப் போய் ஓலைக் குடிசை போட்டுக்கொண்டன. அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை வந்தது 2017-ல்தான். அதுவரை மணலிலும் சேற்றுத் தண்ணீரிலும் வேன் ஓட்டித்தான் போனார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், வாழத் தகுதியற்றது என்று காகிதத்தில் எழுதப்பட்ட இடத்தில் வாழும் குடும்பத்துக்கு எந்தச் சேவையும் தானாக வந்து சேராது. குடிதண்ணீர், விளக்கு, ஊசி போட வரும் செவிலியர், அங்கன்வாடி, பள்ளிக்கூடம் என ஒவ்வொன்றையும் ஒருவர் வாய் திறந்து கேட்க வேண்டும். இன்னொருவர் அதைக் காதில் வாங்க வேண்டும். பல ஊர்களில் அந்த இரண்டாவது ஆள் ஆசிரியர்தான். கடலோரக் குடும்பத்துக்குத் தினமும் பார்க்கக் கிடைக்கிற அரசாங்கம் நாம் மட்டுமே.

சட்டம் நமக்கு வழி வைத்திருக்கிறது. குழந்தைகளுக்கான இலவச கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 21-ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. நம் மாநிலத்தில் 2022-ல் இந்தக் குழுக்கள் 20 பேரோடு மறுகட்டமைப்புச் செய்யப்பட்டன. அதில் 15 பேர் பெற்றோர். 2024-ல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் ஆனார்கள். இதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். சுற்றறிக்கை, செயலியில் பதிவேற்றம், புகைப்படம் எல்லாம் மாதாமாதம் நடக்கிறது. அந்தக் கூட்டத்தில் யார் பேசுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

வெள்ளிக்கிழமை பிற்பகல் கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். எங்கள் தீவில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மற்ற நாள் என்று முறை இருக்கிறது. கரைவலை இழுக்கும் வீட்டில் ஆணும் பெண்ணும் சேர்ந்து இழுப்பார்கள். பாம்பன் சின்னப்பாலம் பக்கத்துப் பெண்கள் கடல்பாசி எடுக்கப் போவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில். அரிச்சல்முனையில் சங்கும் மாலையும் விற்கிற அம்மாவுக்குப் பிற்பகல்தான் வியாபார நேரம். இவர்களில் ஒருவரும் வராமலே கூட்டத்துக்கு ஆள் நிறைந்துவிடும். வந்தவர்கள் சாலையோரக் கடைக்காரர்கள், பள்ளிக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள். நல்லவர்கள்தான். ஆனால் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்பதில்லை.

சுற்றறிக்கை சொல்லும் நாளை நாம் மாற்ற முடியாது. கூட்டத்துக்கு முந்தைய வாரம் கேட்பதை நம்மால் மாற்ற முடியும். நாங்கள் செய்வது இவ்வளவுதான். வலை இழுத்து முடித்து மீன் பிரிக்கிற நேரத்தில் குழுவின் தலைவியான அம்மாவும் ஓர் ஆசிரியரும் கரைக்குப் போவோம். கையில் படிவம் கிடையாது, ஒரு நாற்பது பக்க நோட்டு மட்டும். மூன்று கேள்வி. பிள்ளைக்கு இந்த மாதம் எது கிடைத்தது? எது வர வேண்டியது வரவில்லை? எதைக் கேட்கக் கூச்சமாக இருந்தது? மூன்றாவது கேள்விக்குத்தான் நோட்டில் அதிகப் பக்கம் செலவாகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. தனுஷ்கோடியில் எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்க வேண்டுமென்றால் இராமேசுவரம் வர வேண்டும். 20 கிலோமீட்டரை ஒட்டிய தூரம். பெண் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் நின்றுபோனால் பதிவில் காரணம் என்கிற கட்டத்தில் ‘தூரம்’ என்று விழும். அது பொய்யும் இல்லை. கரையில் உட்கார்ந்து கேட்டபோது அம்மாமார் சொன்னது வேறு. “தூரம் எங்களுக்கு ஒண்ணும் புதுசு இல்ல டீச்சர். சாயங்காலம் வர்ற பஸ்ஸுல டூரிஸ்ட்காரங்க ஏறி நெறஞ்சு போகுது. புள்ளைக்கு ஏற எடமில்ல. அடுத்த பஸ்ஸுக்கு நின்னா இருட்டிருது. இருட்டுல வயசுப் புள்ளைய எறக்கி விட்டா யாரு போயிக் கூட்டியாறது? அவ அப்பா கடல்ல இருப்பாக.” இலவசப் பயண அட்டை அந்தப் பிள்ளையின் பையில் பத்திரமாக இருக்கிறது. சேவை கொடுத்தாகிவிட்டது என்றுதான் கணக்குச் சொல்லும்.

‘தூரம்’ என்று எழுதினால் அதற்கு நாம் செய்யக் கூடியது எதுவும் இல்லை. ‘மாலைப் பேருந்தில் இடமில்லை’ என்று எழுதினால் அது ஒரு தீர்மானம் ஆகிறது. நாள், நேரம், எத்தனை பிள்ளைகள் ஏற முடியாமல் நின்றார்கள் என்று மூன்று வாரம் பிள்ளைகளே குறித்துக் கொடுத்தார்கள். அதைத் தீர்மானத்தோடு இணைத்து உரிய அலுவலகத்துக்கு அனுப்பினோம். முழுதாகத் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். சீருடையில் நிற்கும் பிள்ளைகளை முதலில் ஏற்றிக்கொள்வது என்ற ஏற்பாடு வந்தது. சாதாரண நாட்களில் நடக்கிறது. தொடர் விடுமுறையும் ஐயப்ப பக்தர்கள் கூட்டமும் வந்தால் குலைந்துபோகிறது.

இன்னொன்று நம் கரைக்கே உரிய துன்பம். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துப் போன மீனவரின் வீடு. அப்பா அங்கே சிறையில். அம்மா மீன்வளத் துறை அலுவலகத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் அலைகிறார். ஏழாம் வகுப்புப் படிக்கும் மூத்த பெண் பதினோரு நாளாக வரவில்லை. வருகைப் பதிவில் ‘உடல்நலமின்மை’ என்று போட்டிருந்தது. விசாரித்தால், இரண்டரை வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் இல்லை. அந்தக் குடும்பம் பணம் கேட்கவில்லை, பொருள் கேட்கவில்லை. அம்மா வெளியே போகும் நாளில் சின்னவனைக் காலையிலேயே அங்கன்வாடியில் விட முடியுமா, மதியத் தூக்கம் முடியும்வரை வைத்துக்கொள்வார்களா, அவ்வளவுதான் கேட்டது. அங்கன்வாடிப் பணியாளரை மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அழைத்து உட்கார வைத்துப் பேசினோம். அக்கா மறு திங்கட்கிழமை வகுப்பில் இருந்தாள். அங்கன்வாடி ஒரு துறை, பள்ளி வேறு துறை, மீன்வளம் இன்னொரு துறை. அந்தப் பெண்ணுக்கு எல்லாம் ஒரே வீட்டு வாசலில் நடக்கிறது.

எளிய கேள்வி பெரிய திட்டமாக மாறியதும் நம் மாநிலத்தில்தான். சென்னை அசோக் நகர் அரசுப் பள்ளி ஒன்றுக்குச் சென்றபோது, காலையில் சாப்பிட்டீர்களா என்று பிள்ளைகளைக் கேட்டதாகவும், பலர் இல்லை என்றதாகவும் அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சொல்லியிருக்கிறார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் 1,545 பள்ளிகளுக்குத் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் 31,008 பள்ளிகளுக்கு விரிந்தது. அந்தக் கேள்வியை வகுப்பாசிரியர்கள் அதற்கு முன்பும் தினம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். நாம் கேட்டதை எழுதி மேலே அனுப்புவதற்கு ஒரு பாதை வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒரு விஷயம் மட்டும் இன்னும் எழுதி அனுப்பியபடியே இருக்கிறோம். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். வீட்டில் வருமானம் நிற்கிற அதே மே மாதத்தில் பள்ளிக்கும் விடுமுறை. காலை உணவும் இல்லை, மதிய உணவும் இல்லை. இதைக் கரையில் ஒரு பாட்டி விரல்விட்டு எண்ணிச் சொன்னார். எந்த அறிக்கையிலும் நான் அப்படி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். மூன்றாம் மாதம் கரைக்குப் போனபோது ஓர் அம்மா நோட்டைக் காட்டிக் கேட்டார். “கேக்குறதுக்கு ஆளு நெறைய வருது. ஆளுங்க வருவாக, எழுதுவாக, போட்டோ எடுப்பாக. போன மாசம் நான் சொன்னது என்ன ஆச்சு, டீச்சர்?” நல்லவேளையாக நோட்டில் பதில் இருந்தது. கண் பரிசோதனை முகாம் தேதி வந்திருந்தது, சொன்னேன். ஆனால் எத்தனை இடத்தில் மக்கள் சொன்னது சொன்னதோடு போகிறது! இரண்டு முறை பதில் வராவிட்டால் மூன்றாம் முறை, “எல்லாம் நல்லாத்தான் இருக்கு டீச்சர்” என்பார்கள். அதை நாம் திருப்தி என்று செயலியில் ஏற்றிவிடுவோம்.

1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட் கிரானா என்ற ஊரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு ஒரு மக்கள் விசாரணை நடத்தியது. அரசு வேலைக்கான கூலிப் பட்டியலை ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். வேலையே செய்யாதவர்கள் பெயரும் அதில் இருப்பது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ல் வந்ததற்கு இப்படிப்பட்ட கூட்டங்களும் காரணம். நமக்கு அவ்வளவு பெரிய வேலை இல்லை. கூட்டம் தொடங்கியதும் முதல் பத்து நிமிடம் போன மாத நோட்டை உரக்கப் படிக்கிறோம். கேட்டது, அனுப்பிய இடம், வந்த பதில். பதில் வராவிட்டால் ‘வரவில்லை’ என்றே படிக்கிறோம். முடியாது என்று வந்தால் அதையும். ‘முடியாது’ என்பதைக் கேட்டுக்கூட யாரும் கோபித்துக்கொண்டு எழுந்து போகவில்லை. இருட்டில் விட்டால்தான் போகிறார்கள்.

ஓர் எச்சரிக்கை. எல்லாவற்றையும் கூட்டத்தில் கேட்கக் கூடாது. குடி, அடி, பிள்ளைக்குக் கல்யாணப் பேச்சு, தொல்லை இவையெல்லாம் நோட்டிலும் வரக் கூடாது. சின்ன ஊர், நோட்டு யார் கையிலும் சிக்கும். ஒரு குழந்தை ஆபத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் அது ‘கருத்து’ அல்ல, 1098-க்குப் போக வேண்டிய செய்தி. குழுத் தலைவியிடமும் இதைத் தெளிவாகச் சொல்லி வைத்திருக்கிறோம். அதேபோல் சத்துணவு அமைப்பாளரைப் பற்றியோ ஆசிரியரைப் பற்றியோ குறை வந்தால் ஆளின் பெயரைப் படிக்காமல் குறையை மட்டும் படிக்கிறோம். அது இல்லாவிட்டால் சக ஊழியர்கள் இந்த நோட்டையே எதிரியாகப் பார்ப்பார்கள். பார்த்தும் இருக்கிறார்கள்.

கூடுதல் வேலை இது என்று சிலர் சொல்வீர்கள். மாதம் இரண்டு மணி நேரம், ஒரு நோட்டு, இருவர். எங்கள் பள்ளியில் ஆசிரியர்கள் முறைவைத்துப் போகிறோம். அடுத்த முறை என்னுடையது. டிசம்பர் கூட்டத்துக்கு முன்னால் பயணிகள் வரத்து ஏறும் நாட்களைப் பிள்ளைகள் நாட்காட்டியில் குறித்துத் தரப் போகிறார்கள். அந்த நாட்களுக்கு மட்டும் மாலையில் ஒரு கூடுதல் பேருந்து கேட்டுத் தீர்மானம் எழுத வேண்டும். போன தீர்மானத்துக்கு வந்த பதில் கடிதத்தையும் அன்றைக்குப் படிக்க வேண்டும்.