ஆராய்ச்சியின் மதிப்பு



ஒரு விஞ்ஞானியின் பெருமையை, அவர் வெளியிட்ட கட்டுரைகளின் தொகையாலும், அவற்றைப் பிறர் மேற்கோள் காட்டிய தடவைகளாலும் அளக்கும் வழக்கம் இந்நாளில் மிகுந்துள்ளது. அவ்வளவுகோல் போதுமா என்பதை ஆஸ்திரேலிய அறிஞர் ரிங்வுட் அவர்களின் சரிதங்கொண்டு ஆராய்வோமாக.

பூமியின் ஆழத்தில் அழுத்தம் மிகுதலால், ஒலிவின் என்னுங் கனிமம் நெருக்கமான வேறோர் அமைப்பை அடைதல் வேண்டுமென்று 1950-களில் அவர் கருதினார். சிலிக்கானுக்குப் பதிலாக ஜெர்மானியம் அமைந்த சேர்மங்கள் குறைந்த அழுத்தத்திலேயே அவ்வாறு மாறுதல் அவர்க்கு வழிகாட்டிற்று. 1966-ல், மேஜர் என்பாருடன் கூடி, மக்னீசியமும் இரும்பும் கலந்த ஒலிவினைச் சோதனைச்சாலையிலேயே மாற்றிக் காட்டினார். 1969-ல் டென்ஹாம் விண்கல்லில் அக்கனிமம் அகப்பட்டு, ‘ரிங்வுடைட்’ எனப் பெயர் பெற்றது. பூமியின் ஆழத்தினின்று வந்த மாதிரியோ, 2014-ல் தான் பிரேஸில் நாட்டு வைரமொன்றினுள் கிடைத்ததாக வெளியாயிற்று. அதன் எடையில் நூற்றுக்கு ஒரு பங்களவு நீரும் அமைப்பிற் பிணைந்திருந்தது. ரிங்வுட் 1993-லேயே காலமாகிவிட்டார்.

அணுவுலைக் கழிவைச் செயற்கைக் கல்லினுள் பிணைத்துவைக்கும் ‘ஸின்ராக்’ முறையை 1978-ல் வகுத்தவரும் அவரே. கனிமங்களைக் கற்ற கல்வி மக்கள் நலத்துக்கும் உதவிற்று.

ஆதலின், ஆராய்ச்சி பயிலும் நம் பிள்ளைகளை நோக்கி, “இவ்வாண்டு எத்தனை கட்டுரை?” என்று மட்டும் வினவுதல் தகாது. எப்பொருளை ஆராய்கின்றனர் என்பதைக் கேட்டறிந்து, பலன் தாமதிப்பினும் பொறுத்து ஆதரிப்பதே நம் கடமையாகும்.