அந்நியத் தலையீடும் பன்மைப் பண்பாடும்: கனடாவின் அனுபவம்

(கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



அந்நியத் தலையீடு என்று தலைப்புக் கொடுத்தால், சிலியில் அலெண்டே அரசை அமெரிக்கா கவிழ்த்த கதையோடு தொடங்குவது நமது வழக்கம். அதைப் பல வகுப்புகளில் பேசியிருக்கிறோம்; இனியும் பேசுவோம். இன்று நான் கனடாவை எடுத்துக்கொள்கிறேன். காரணம், அங்கே தலையிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டுள்ள அரசுகளில் நமது நாட்டின் அரசும் ஒன்று. அடுத்தவன் செய்த தலையீட்டைக் கண்டிப்பது எளிது. நமது பெயரால் நடப்பதாகச் சொல்லப்படுவதை ஆராய்வதுதான் கடினம்.

2023 ஜூன் 18 அன்று, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் சர்ரே நகரில், ஒரு குருத்வாராவின் வாகன நிறுத்துமிடத்தில் ஹர்தீப் சிங் நிஜ்ஜார் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் கனடியக் குடிமகன். காலிஸ்தான் கோரிக்கையை முன்னின்று பரப்பியவர். இந்திய அரசால் 2020இல் பயங்கரவாதி என அறிவிக்கப்பட்டவர். செப்டம்பர் 18 அன்று பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ, இந்திய அரசின் முகவர்களுக்கும் இக்கொலைக்கும் தொடர்பு உண்டு என்ற நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகளை விசாரித்து வருவதாக நாடாளுமன்றத்தில் அறிவித்தார். புதுதில்லி அதை அபத்தம் என்று நிராகரித்தது. மூன்றே நாளில் கனடியர்களுக்கான விசா நிறுத்தப்பட்டது. 2024 மே மாதத்தில் இந்தியக் குடிமக்கள் நால்வர் கைது செய்யப்பட்டனர். அக்டோபரில் இரு நாடுகளும் பரஸ்பரம் ஆறு ஆறு தூதரக அதிகாரிகளை வெளியேற்றின. கொலை வழக்கில் தீர்ப்பு எழுத வேண்டியது நீதிமன்றம்; அந்த வேலையை நாம் செய்ய வேண்டியதில்லை.

ஆனால் ஒரு குருத்வாரா, துப்பாக்கி, கடல் கடந்து நீளும் ஒரு அரசின் கை என்ற இந்தக் காட்சி கனடாவுக்குப் புதிதல்ல. 109 ஆண்டுகளுக்கு முன்பும் இது நடந்திருக்கிறது. அன்று நீண்ட கை பிரிட்டிஷ் ஏகாதிபத்தியத்தின் கை.

1914 மே மாதம் கோமகட்டா மாரு என்ற கப்பல் 376 பயணிகளுடன் வான்கூவர் துறைமுகத்துக்கு வந்தது. சொந்த நாட்டிலிருந்து இடைநிற்காமல் நேரே பயணம் செய்து வந்தவர்கள் மட்டுமே இறங்கலாம் என்று 1908இல் ஒரு விதி கொண்டுவந்திருந்தார்கள். இந்தியாவிலிருந்து நேரே வரும் கப்பலே கிடையாது என்பதை அறிந்து செய்த விதி அது. நிறத்தின் பெயரைச் சொல்லாமலே நிறத்தைத் தடுக்கும் சட்டநுட்பம். இரண்டு மாதம் கடலில் காத்திருந்த பயணிகளில் மிகச் சிலரைத் தவிர மற்ற அனைவரையும் ஜூலை 23 அன்று போர்க்கப்பலின் காவலோடு திருப்பி அனுப்பினார்கள். கல்கத்தாவுக்கு அருகே பட்ஜ் பட்ஜில் கரையிறங்கியபோது போலீஸ் சுட்டதில் ஏறத்தாழ 20 பேர் இறந்தனர்.

அந்த நாட்களில் வான்கூவர் குடிவரவு அலுவலகத்தில் வில்லியம் ஹாப்கின்சன் என்றொரு அதிகாரி இருந்தார். முன்பு கல்கத்தா போலீசில் பணியாற்றியவர்; இந்திய மொழி அறிந்தவர். வெளித்தோற்றத்தில் ஆய்வாளரும் மொழிபெயர்ப்பாளரும். உண்மையில் கதர் கட்சியினரை வேவு பார்த்து லண்டனுக்கு அறிக்கை அனுப்பியவர். குடியேறியவர்களுக்குள்ளேயே ஒற்றர்களை வளர்த்தார். அவர்களில் ஒருவனான பேலா சிங், 1914 செப்டம்பரில் குருத்வாராவுக்குள்ளேயே துப்பாக்கியால் சுட்டான். பாக் சிங், பட்டன் சிங் என்ற இருவர் உயிரிழந்தனர். அவனுக்குச் சாதகமாகச் சாட்சி சொல்ல நீதிமன்றத்தில் காத்திருந்த ஹாப்கின்சனை அக்டோபர் 21 அன்று மேவா சிங் சுட்டுக் கொன்றார். 1915 ஜனவரி 11 அன்று மேவா சிங் தூக்கிலிடப்பட்டார்.

இதை விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புலம்பெயர்ந்த மக்களை வேவு பார்ப்பது, உறவினர்களை வைத்து மிரட்டுவது, சமூகத்துக்குள் முகவர்களை அமர்த்துவது ஆகியவற்றைக் கற்றுக்கொடுத்த பள்ளிக்கூடம் காலனிய அரசு. இன்று ஜனநாயகத்தின் பாதுகாவலர்களாகப் பேசும் நாடுகள்தாம் அந்தப் பள்ளியை நடத்தின.

அந்தக் கனடாதான் சீனத் தொழிலாளர்களைக் கொண்டு ரயில் பாதை அமைத்துவிட்டு, 1885 முதல் அவர்கள்மீது தலைவரி விதித்தது. 1903இல் அது 500 டாலராக உயர்ந்தது. 1942இல் 20,000க்கும் மேற்பட்ட ஜப்பானிய வம்சாவளியினரைக் கடற்கரைப் பகுதிகளிலிருந்து அகற்றி முகாம்களில் அடைத்தது. அவர்களில் பெரும்பாலோர் கனடியக் குடிமக்கள். ஓர் அந்நிய அரசின் மீதான சந்தேகம் ஒரு மக்கள் கூட்டத்தின் மீதே விழும்போது என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1971 அக்டோபரில் பியர் ட்ரூடோ பன்மைப் பண்பாட்டை அரசின் கொள்கையாக அறிவித்தார்; 1988இல் அது சட்டமாயிற்று. இதை வெறும் ஏமாற்று என்று தள்ளிவிடும் தோழர்கள் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. வெள்ளை நிறவெறிக் குடியேற்றக் கொள்கையோடு ஒப்பிட்டால் இது மிகப் பெரிய முன்னேற்றம். போராடிப் பெற்றதும்கூட. ஆனால் முதலாளித்துவ அரசு பன்மையை நிர்வகிக்கும் முறை ஒன்று உண்டு. பண்ணையில் பழம் பறிக்கும் பஞ்சாபித் தொழிலாளியை அது தொழிலாளியாகப் பார்க்காது. 'சீக்கிய சமூகம்' என்று பார்க்கும். அந்தச் சமூகத்துக்குப் பிரதிநிதி யார் என்று தேடும். கோயில் நிர்வாகி, வணிகர், ஊடக உரிமையாளர் என்று சிலர் முன்வருவார்கள். வாக்குகளைத் திரட்டித் தருவோம் என்பார்கள். 1980இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அதே பஞ்சாபி விவசாயத் தொழிலாளர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் கண்டார்கள். சங்கக் கொடியைப் பிடித்தவர்களைவிட, மேடையில் மாலை வாங்கிய தரகர்களையே அரசியல் கட்சிகள் அதிகம் நாடின.

அந்நிய அரசு நுழைவதும் இந்தத் தரகர் வாசல் வழியாகத்தான்.

நீதிபதி மேரி ஜோசே ஹோக் தலைமையிலான விசாரணை ஆணையம் 2025 ஜனவரி 28 அன்று தனது இறுதி அறிக்கையை வெளியிட்டது. கனடியத் தேர்தல்களில் தலையிட முனையும் நாடுகளில் சீனாவை முதலிடத்திலும் இந்தியாவை இரண்டாம் இடத்திலும் அது வைத்தது. அதே வேளையில், எந்தக் கட்சி ஆட்சி அமைத்தது என்பதைத் தலையீடு மாற்றவில்லை என்றும் கூறியது. கட்சி வேட்பாளர் தேர்வு பலவீனமான வாசல் என்று அது சுட்டிக்காட்டியது. லிபரல் கட்சியில் குடிமக்கள் அல்லாதோரும், 14 வயது நிரம்பியவர்களும் உறுப்பினராகி அத்தேர்வில் வாக்களிக்க முடிந்தது. பேருந்தில் ஆளைக் கொண்டுவந்து இறக்கினால் வேட்பாளராகிவிடலாம் என்ற நிலை. உட்கட்சி ஜனநாயகம் உறுப்பினர் அட்டை விற்பனையாகச் சுருங்கினால் இதுதான் கதி. நமது நாட்டிலும் சில கட்சிகளை நினைவுபடுத்துகிறது என்று நீங்கள் சிரிப்பது புரிகிறது.

சீனா, இந்தியா என்று பட்டியலிட்ட ஆவணங்களில் அமெரிக்காவின் இடம் எங்கே என்று கேட்க வேண்டும். ஆணையத்தின் அறிக்கை வெளியான அதே வாரங்களில்தான், கனடா 51ஆவது மாநிலமாக வேண்டும் என்று டிரம்ப் வெளிப்படையாகப் பேசிக்கொண்டிருந்தார். நட்பு நாட்டின் மிரட்டலுக்குப் 'பேச்சுவார்த்தை' என்று பெயர். ஹூஸ்டன் நகரில் 2019இல் டிரம்பை அருகில் வைத்துக்கொண்டு அவரது தேர்தல் முழக்கத்தை நமது பிரதமர் எடுத்துச் சொன்னாரே, அதற்கு என்ன பெயர் என்று நம் வெளியுறவு அமைச்சகத்தைத்தான் கேட்க வேண்டும். 2020 நவம்பரில் விவசாயிகள் போராட்டம் பற்றி ட்ரூடோ ஒரு சொல் சொன்னதற்கு, உள்நாட்டு விவகாரத்தில் தலையீடு என்று கனடியத் தூதரை அழைத்துக் கண்டித்த அரசு இது. தில்லி எல்லையில் அமர்ந்திருந்த விவசாயிகளையே காலிஸ்தானிகள் என்று ஆளுங்கட்சியினர் பேசினர். ஓராண்டு கழித்து மூன்று சட்டங்களும் திரும்பப் பெறப்பட்டன.

'அந்நியக் கை' என்ற குற்றச்சாட்டு உள்நாட்டில் யார் மீது பாய்கிறது என்பதும் நாம் அறிந்ததே. 2023 அக்டோபர் 3 அன்று நியூஸ்கிளிக் செய்தியாளர்களின் வீடுகளில் சோதனை நடந்தது. சீனப் பணம் என்று சொல்லி, ஆசிரியர் பிரபீர் புர்காயஸ்தாவை ஊபா சட்டத்தில் கைது செய்தார்கள். அந்தக் கைதே செல்லாது என்று 2024 மே 15 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. இடைப்பட்ட ஏழு மாதங்களை அவர் சிறையில் கழித்தார்.

இதிலிருந்து சிலர் எதிர்த்திசையில் வழுக்குகிறார்கள். மோடி அரசு எதிர்ப்பதால் காலிஸ்தானிகள் ஏதோ ஜனநாயகப் போராளிகள் என்று கருதுவது பெரும் பிழை. 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்து கடற்கரை அருகே குண்டு வெடித்துச் சிதறியது. 329 பேர் இறந்தனர். அதே நாளில் டோக்கியோவின் நரிதா விமான நிலையத்தில் இன்னொரு பெட்டி வெடித்து, பயணப்பெட்டிகளைச் சுமக்கும் தொழிலாளர் இருவர் உயிரிழந்தனர். கனிஷ்காவில் இறந்தவர்களில் பெரும்பாலோர் கனடியக் குடிமக்கள். கனடியப் பிரதமர் மல்ரோனி என்ன செய்தார்? ராஜீவ் காந்தியைத் தொலைபேசியில் அழைத்து இரங்கல் தெரிவித்தார். தன் குடிமக்கள் இறந்ததற்கு அடுத்த நாட்டுப் பிரதமரிடம் துக்கம் விசாரித்தார்! சட்டப் புத்தகத்தில் எல்லோரும் கனடியர்கள். சாவில் மட்டும் அந்நியர்கள். பன்மைப் பண்பாட்டின் விரிசலை இதைவிடத் தெளிவாக எந்தப் பேராசிரியரும் எழுதிவிட முடியாது. இருபது ஆண்டு கழித்து, 2005இல், முக்கியக் குற்றவாளிகள் எனப்பட்ட இருவரும் விடுதலையாயினர். குண்டு தயாரிப்பில் பங்கெடுத்த ஒருவர் மட்டுமே தண்டிக்கப்பட்டார். அந்தத் தீவிரவாதத்தை எழுத்தில் எதிர்த்த பத்திரிகையாளர் தாரா சிங் ஹேயர் 1998இல் அதே சர்ரேயில் கொல்லப்பட்டார்.

தமிழர்களுக்கும் இந்த அனுபவம் உண்டு. 2010இல் சன் சீ கப்பலில் 492 இலங்கைத் தமிழர்கள் கனடாவை அடைந்தபோது, பயங்கரவாதச் சந்தேகத்தை முன்வைத்து அவர்களைக் காவலில் அடைத்தார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, டொராண்டோவின் தமிழ்க் குடும்பங்களிடம் போருக்கென்று மிரட்டிப் பணம் பறிக்கப்பட்டதை மனித உரிமை அமைப்பு பதிவு செய்தது. அகதிக்கு இரண்டு பக்கமும் சுவர்.

எனவே நமது நிலையில் குழப்பம் தேவையில்லை. எந்த அரசும் இன்னொரு நாட்டு மண்ணில் ஆளை வைத்துக் கொல்லும் உரிமை கொண்டதல்ல. அந்தக் குற்றச்சாட்டு எழுந்தால் ஒத்துழைத்து விசாரிக்க வேண்டும், நாடாளுமன்றத்துக்கு விளக்கம் தர வேண்டும். காலிஸ்தான் பயங்கரவாதத்தோடு நமக்குச் சமரசமும் இல்லை. இந்த எதிர்ப்புக்காக நாம் யாரிடமும் சான்றிதழ் வாங்க வேண்டியதில்லை. பஞ்சாபில் நமது இயக்கம் அதற்கு ரத்தத்தால் விலை கொடுத்திருக்கிறது.

அவர்களில் ஒருவரைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். 1937 வாக்கில் பஞ்சாபிலிருந்து கனடாவுக்குப் போனார் ஓர் இளைஞர். மர அறுவை ஆலைத் தொழிலாளர்களிடையே சங்கம் கட்டினார், கம்யூனிஸ்டாக வளர்ந்தார். இந்தியர்களுக்கு வாக்குரிமை மறுக்கப்பட்டிருந்த மாகாணம் அது. அந்த உரிமைக்காகத் தோழர்களோடு போராடினார். 1947இல் அது கிடைத்தது. அந்த ஆண்டுகளில் ஊர் திரும்பிக் கட்சிப் பணியாற்றினார், சட்டமன்ற உறுப்பினரானார். மக்கள் அவரைத் தர்ஷன் சிங் கனேடியன் என்றே அழைத்தார்கள். காலிஸ்தானுக்கு எதிராக, இந்து சீக்கிய ஒற்றுமைக்காகக் கிராமம் கிராமமாகப் பேசிவந்த அவரை, 1986 செப்டம்பரில் பயங்கரவாதிகள் சுட்டுக் கொன்றார்கள்.

கேள்விகளைக் கேளுங்கள், தோழர்களே.