சூரையின் வழியும் நாம் வரைந்த கோடும்



இக்கருத்தரங்கிற்குத் தலைமை தாங்கும் நான் நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். சமுத்திரத்தில் வேட்டையாடித் திரியும் பெருமீன்கள் எங்கே செல்கின்றன, எங்கே தங்குகின்றன என்ற விசாரணை, உபசார வார்த்தைகளில் காலம் கழிக்க இடம் தராத அளவுக்கு விரிந்தது.

விசாரணை புதியதன்று. கருங்கடலுக்குள் நுழையும் சூரை மீன்கள் கரையை வலப்புறத்தே வைத்துக்கொண்டு செல்கின்றன என்று எழுதிய அரிஸ்டாட்டில், அவற்றுக்கு வலக்கண்ணின் பார்வையே கூர்மையானது என்று அதற்குக் கூறப்பட்ட காரணத்தையும் குறித்து வைத்தார். காரணத்தைக் கேட்டு நாம் புன்னகைக்கலாம். ஆயினும், மீனின் போக்கை அதன் புலன்களோடு சேர்த்தே ஆராய வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. பின்வந்த நாமோ நெடுங்காலம் அதை மறந்து, போக்கைத் தேசப்படத்தின் மேல் இழுத்த கோடாகவே பாவித்துவிட்டோம் என்பது என் அபிப்பிராயம்.

அட்லாண்டிக் சமுத்திரத்து நீலத்துடுப்புச் சூரையின் கதை இதற்குப் போதிய சாட்சி. 1979-இல் கனடாவின் நோவா ஸ்கோஷியா அருகே தூண்டிலில் அகப்பட்ட ஒன்று 679 கிலோ இருந்ததென்றால், எத்தகைய பிராணியைப் பற்றிப் பேசுகிறோம் என்பது விளங்கும். 1954-இல் அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பிராங்க் மாதர், மீன்பிடிப்போரின் ஒத்துழைப்போடு, எண் பொறித்த அடையாளத் துண்டுகளை இம்மீன்கள்மீது குத்தி விடுவிக்கும் திட்டத்தைத் தொடங்கினார். விட்ட இடம் தெரிந்தது, பிடிபட்ட இடம் தெரிந்தது. நடுவே நிகழ்ந்த யாத்திரை தெரியவில்லை. மேற்குக் கரையில் விட்டவற்றுள் சில ஐரோப்பியக் கரையில் அகப்பட்டிருந்தபோதிலும், 1980-களின் தொடக்கத்தில், மெக்சிகோ வளைகுடாவில் முட்டையிடும் குலம் ஒன்று, மத்தியதரைக் கடலில் முட்டையிடும் குலம் மற்றொன்று என வகுத்து, மேற்குத் தீர்க்கரேகை 45 பாகையை இரண்டுக்கும் எல்லையாக்கிற்று, இம்மீன்களுக்கென அமைந்த சர்வதேச ஆணையம்.

1990-களின் பிற்பகுதியில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துப் பார்பரா பிளாக்கும் அவருடைய சகாக்களும் வட கரோலினாக் கடலில் மின்னணுக் கருவிகளோடு இறங்கினர். படகின் தளத்தில், கண்களை ஈரத்துணியால் மூடிக் கிடத்திய மீனின் வயிற்றில் சிறு கீறலிட்டு, உட்குழியில் கருவியைச் செலுத்தித் தைத்துவிடுவார்கள். அதன் மெல்லிய தண்டு மாத்திரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்து வெளிச்சத்தையும் நீரின் உஷ்ணத்தையும் அறியும். உள்ளிருப்பது ஆழத்தையும் உடலின் சூட்டையும் நேரத்தோடு பதிவு செய்யும். உச்சிவேளை தீர்க்கரேகையைத் தரும். பகற்பொழுதின் நீளம் அட்சரேகையைத் தரும். இரவும் பகலும் எங்கும் சமமாகும் விஷுவ காலத்திலோ அட்சரேகை கைவிட்டுவிடும். மற்றொரு வகைக் கருவி மீனின் முதுகில் பிணைக்கப்பட்டு, குறித்த நாளில் தன் இணைப்பு ஊசியைத் தானே அரித்துக்கொண்டு, மேலே மிதந்து, செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும்.

2001-லும் 2005-லும் இக்குழுவினர் வெளியிட்ட ஆராய்ச்சிகள் 45 பாகைக் கோட்டின் செல்வாக்கைக் குலைத்தன. முட்டையிடுவதற்கு இரு குலங்களும் தத்தம் கடலை நாடினாலும், இரை தேடும் பிரதேசங்களில் அக்கோட்டைச் சட்டை செய்யாமல் கலந்து திரிகின்றன. ஆகவே மேற்கே பிறந்த மீன் கிழக்குக் கணக்கில் பிடிபடுகிறது, மேற்குக் குலம் சிறியதாகையால் நஷ்டமும் அதற்கே அதிகம். கோட்டைவிட எனக்கு வியப்பூட்டுவது ஆழம். 1000 மீட்டருக்கும் கீழே மூழ்கி, 3 பாகைக்கும் குறைந்த குளிர்நீர் முதல் 30 பாகையைக் கடந்த வெதுநீர் வரை சஞ்சரிக்கும் இம்மீன், உடலிலிருந்து வரும் சூடான இரத்தமும் செவுளிலிருந்து வரும் குளிர்ந்த இரத்தமும் நுண்குழாய்களில் எதிரெதிரே ஓடிச் சூட்டைக் கைமாற்றிக்கொள்வதால், தன் தசையை வெதுவெதுப்பாகவே வைத்துக்கொள்கிறது.

ஆழத்தின் கதை சூரையோடு முடிவதில்லை. உட்ஸ் ஹோலைச் சேர்ந்த பிரான்சிஸ் கேரி வாள்மீனை ஒலிக்கருவியால் பின்தொடர்ந்தபோது, அது பகலில் பலநூறு மீட்டர் ஆழத்தில் இருந்து, இரவில் மேலே வருவதைக் கண்டார். மூளையையும் கண்களையும் மாத்திரம் சூடாக்கும் தசையுறுப்பு அதற்குண்டு என்பதை 1982-இல் வெளியிட்டார். இரவும் பகலும் வெவ்வேறு நீர்மண்டலத்தில் வாழும் இப்பிராணியின் வாழிடத்தை மேற்பரப்பில் வைத்த புள்ளியால் எப்படிக் காட்டுவது? மேலிருந்து நோக்கும் படம் இரண்டு வாழ்க்கைகளையும் ஒன்றாக நசுக்கிவிடுகிறது.

மற்றொரு சங்கடத்தையும் சொல்லிவிடவேண்டும். வயிற்றில் வைத்த கருவி தன் முழுப் பதிவையும் தருவது, எவரேனும் அம்மீனைப் பிடித்து, வயிற்றைக் கீறி, கருவியைக் கண்டெடுத்து அனுப்பினால்தான். ஆகவே படகுகள் அடர்ந்த கடலிலிருந்து செய்திகள் மிகுதியாகவும், படகு செல்லாத கடலிலிருந்து அரிதாகவும் வருகின்றன. மீன் இருக்குமிடத்தைக் காட்டுவதாக நாம் எண்ணும் படத்தில், மீனவர் இருக்குமிடமும் கலந்திருக்கிறது. முதுகுக் கருவிக்கு இந்தக் குறை குறைவு. ஆனால் குறித்த நாளுக்கு முன்பே கழன்றுபோவது அதற்குண்டான தொல்லை.

கட்டுரை வாசிக்கப்போகும் அன்பர்களிடம் என் வேண்டுகோள் சிறியது. வரைபடத்தில் ஒவ்வொரு புள்ளியையும் காட்டும்போது, அது எந்த வேளையினது, எத்தனை மீட்டர் ஆழத்தினது, வெளிச்சக் கணக்கில் எத்தனை கிலோமீட்டர் பிழைக்கு இடமுண்டு என்ற மூன்றையும் கூடவே சொல்லுங்கள். விவாத நேரத்தில் அவற்றைத் தோண்டி எடுக்கும் சிரமம் எங்களுக்கு வேண்டாம். சூரை மீன்களைப் பற்றிய முதல் அமர்வுக்குரிய கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.