அவதார புருஷனின் இரண்டாம் பாகம்

(இலுப்பூர் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் சினிமாவும் பொதுமக்கள் அபிப்பிராயமும் என்பதாகும். சாமியையும் சாதியையும் விட்டுவிட்டு இவன் எதற்காகச் சினிமாவுக்கு வந்தான் என்று சிலர் நினைக்கலாம். நான் அவற்றை விட்டுவிட்டு வரவில்லை. அவை இப்போது எந்தக் கொட்டகையில் குடியேறியிருக்கின்றனவோ அங்கே தேடிக்கொண்டு வந்திருக்கிறேன்.

1996ல் "இந்தியன்" என்று ஒரு படம் வந்தது. ஷங்கர் எடுத்தார், கமலஹாசன் அப்பனாகவும் பிள்ளையாகவும் நடித்தார். நேதாஜி படையில் இருந்த கிழவர் ஒருவர், லஞ்சம் வாங்குகிற உத்தியோகஸ்தர்களைக் கத்தியால் குத்திக் கொல்லுகிறார். லஞ்சம் வாங்கிக்கொண்டு பிரேக் கெட்ட பஸ்ஸுக்குச் சர்டிபிகேட் கொடுத்துக் குழந்தைகள் சாவதற்குக் காரணமான சொந்த மகனையும் கொன்றுவிட்டு, வெளிநாட்டுக்குத் தப்பிப் போகிறார். ஜனங்கள் கொண்டாடினார்கள். தாலுக்கா ஆபீசில் ஒரு பட்டா மாற்றத்துக்கு நாலு மாதம் நடந்தவனுக்கு, அந்தக் கத்தி தன் கையில் இருப்பதுபோல ஒரு ஆறுதல் உண்டாயிற்று. அதை நான் குறைசொல்ல வரவில்லை.

நிற்க, 28 வருஷம் கழித்து, 2024 ஜூலை 12ந் தேதி இரண்டாம் பாகம் வெளியாயிற்று. மூன்று மணி நேரப் படம். நாட்டில் அக்கிரமம் பெருகிவிட்டது, "இந்தியனே திரும்பி வா" என்று வாலிபர்கள் கூப்பிடுகிறார்கள். தைவானிலிருந்து கிழவர் வருகிறார். தோழர்களே, இதை எங்கேயோ கேட்டிருக்கிறோம் அல்லவா? பூமி பாரம் தாங்காமல் தேவர்கள் போய் முறையிட்டதும், பாற்கடலில் படுத்திருந்தவர் எழுந்து வந்த கதைதானே! அந்தக் கதைக்குப் பத்துப் பாகம். பத்தாவது பாகம் இன்னும் வெளியாகவில்லை. அதற்கும் ரசிகர்கள் காத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆனால் இந்தத் தடவை ஜனங்கள் என்ன செய்தார்கள்? கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை, கணக்குப் பார்த்தார்கள். 1943ல் கிழவருக்கு 20 வயது என்று குறைத்து வைத்துக்கொண்டாலும், 2024ல் 101 ஆகிறதே, இவர் எப்படி ஒற்றைச் சக்கர வண்டியில் ஏறிக்கொண்டு போலீசை ஏய்த்து ஓடுகிறார் என்று கேட்டார்கள். ஒரு மனிதனை வர்மத்தால் தட்டினால் குதிரைபோல ஓடியே சாவானா என்று கேட்டார்கள். முதல் படத்தில் மகள் செத்த துக்கம் இருந்தது, இதில் பிரசங்கம்தான் இருக்கிறது என்றார்கள். நீளம் தாங்கவில்லை என்றார்கள். படம் எடுத்தவர்கள் சில நாளிலேயே 12 நிமிஷத்தை வெட்டி எறிந்தார்கள். நானும் பார்த்தேன்; இன்னும் ஒரு மணி நேரத்தை வெட்டியிருந்தாலும் கதைக்கு ஒரு நஷ்டமும் வந்திராது. படத்துக்குள்ளே கூப்பிட்ட ஜனங்களே கடைசியில் "திரும்பிப் போ" என்கிறார்கள். வெளியே டிக்கட் வாங்கியவர்களும் அதையே சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்!

தோழர்களே, இந்தச் சங்கதியில் எனக்கு இருக்கிற சந்தோஷம் படம் தோற்றதில் அல்ல. கமலஹாசன் தம்மைப் பகுத்தறிவுவாதி என்று சொல்லிக்கொள்பவர். அவர்மேல் எனக்கு ஒரு துவேஷமும் இல்லை. எனக்குச் சந்தோஷம் என்னவென்றால், நம் ஜனங்களுக்குக் கேள்வி கேட்கத் தெரியும் என்பது ருஜுவாகிவிட்டது என்பதே. டிக்கட் வாங்கிய பொருளைப்பற்றி இவ்வளவு கேள்வி கேட்கிறவன், பக்கத்து விராலிமலையில் முருகனுக்குச் சுருட்டு வைத்துப் படைக்கிறபோது, சாமி புகையை இழுக்குமா, சாம்பலை எங்கே தட்டும் என்று ஏன் கேட்பதில்லை? அங்கேயும் காசு கொடுத்துவிட்டுத்தானே வருகிறான்?

கேட்டால் என்ன நடக்கும் என்பதையும் இந்தச் சினிமாவே காட்டிவிட்டது. 2024 நவம்பரில் தயாரிப்பாளர் சங்கத்தார், இந்தியன் 2, வேட்டையன், கங்குவா என்ற படங்களுக்குக் கெடுதல் நேர்ந்துவிட்டது என்று சொல்லி, முதல் நாள் கொட்டகை வாசலில் யூடியூப்காரர்கள் ஜனங்களிடம் அபிப்பிராயம் கேட்க இடங்கொடுக்கக்கூடாது என்றார்கள். டிசம்பரில் சென்னை ஹைக்கோர்ட்டுக்கே போய், படம் வெளியாகி மூன்று நாளைக்கு விமர்சனமே கூடாதென்று உத்தரவு கேட்டார்கள். விமர்சனம் செய்வது கருத்துச் சுதந்திரம் என்று கோர்ட்டில் மறுத்துவிட்டார்கள். வேண்டுமென்றே அவதூறு கிளப்புகிறவனும், காசு வாங்கிக்கொண்டு தூற்றுகிறவனும் இருக்கலாம். இல்லையென்று நான் சொல்லவில்லை. அதற்காக நாலு பேர் போய்வர ஆயிரம் ரூபாய் அழுதவன் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா? கத்தரிக்காய் சொத்தை என்று சொல்லச் சந்தைக்காரனிடம் மூன்று நாள் தவணை கேட்கிறோமா? "கர்ப்பக்கிரகத்தில் என்ன நடக்கிறது என்று கேட்காதே, கும்பிட்டுவிட்டுப் போ" என்ற பழைய பேச்சுதான் இது. பேசுகிறவர் மட்டும் மாறியிருக்கிறார்.

சொல்லப்படாத அபிப்பிராயம் இரண்டு உண்டு. ஒன்று, 2020 பிப்ரவரி 19ந் தேதி பூந்தமல்லிப் பக்கத்து ஸ்டூடியோவில் இந்தப் படப்பிடிப்பின்போது கிரேன் சாய்ந்து மூன்று பேர் மாண்டார்கள். கிழவருடைய வேஷம் ஒட்டவில்லை என்று பேசியவர்கள் ஆயிரம். அந்த மூவரைப்பற்றிப் பேசியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மற்றொன்று நம் ஜில்லாச் சங்கதி. அன்னவாசல் ஒன்றியத்து வேங்கைவயலில், 2022 டிசம்பரில், ஆதிதிராவிட மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது. கலெக்டரும் போலீஸ் சூப்பிரண்டும் போனபோது, இறையூர் அய்யனார் கோவிலுக்குள் அம்மக்களை விடுவதில்லை, டீக்கடையில் அவர்களுக்குத் தனித் தம்ளர் என்ற சங்கதிகளும் வெளிவந்தன. தொட்டியில் கலந்தது யார் என்பது வழக்கில் இருக்கிற விஷயம், அதை நான் பேசப்போவதில்லை. தனித் தம்ளரைப்பற்றி மட்டும் கேட்கிறேன். இரண்டு பாகம் எடுத்தும் இந்தக் கிழவருடைய கத்தி தனித் தம்ளர் வைத்தவன் பக்கம் ஏன் போகவில்லை? லஞ்சம் வாங்கினவன் எதிரியானால் எல்லா சாதியானும் கைதட்டுவான். சாதிக்காரன் எதிரியானால் கைதட்டுகிறவர்களில் பாதிப்பேர் எழுந்து போய்விடுவார்கள். வியாபாரம் தெரிந்தவர்கள் அதைத் தொடுவார்களா?

இரண்டு சீட்டு வந்திருக்கின்றது. ஒரு தோழர், "அப்படியானால் சினிமாவே பார்க்கக்கூடாதா?" என்று கேட்கிறார். தாராளமாகப் பாருங்கள். கட்அவுட்டுக்கு ஊற்றுகிற பாலைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் போய்ப் பாருங்கள். பிடிக்கவில்லையானால் வாசலிலேயே நின்று சொல்லுங்கள்.

இன்னொரு தோழர், "கிழவரும் வரமாட்டார், கல்கியும் வரமாட்டார், லஞ்சத்துக்கு என்ன வழி?" என்கிறார். 2005ல் தகவல் உரிமைச் சட்டம் வந்திருக்கின்றது. ஒரு வெள்ளைத் தாளில் உங்கள் மனு எந்த மேஜையில், எத்தனை நாளாக, யாரிடம் கிடக்கிறது என்று எழுதி, 10 ரூபாய்க்குக் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, அந்த ஆபீசின் தகவல் அதிகாரிக்குத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளைக்குள் பதில் சொல்லியாகவேண்டும். சொல்லாவிட்டால் அதே ஆபீசில் மேலதிகாரிக்கு அப்பீல் உண்டு, அதற்கும் மேலே சென்னையில் கமிஷன் இருக்கிறது. எழுதத் தெரியாத தோழர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வாருங்கள்; தாளும் பேனாவும் கொண்டுவந்திருக்கிறேன்.