விலைக்குக் கிடைக்காத விருந்தோம்பல்



வள்ளுவர் விருந்தோம்பலை இல்லறத்தின் கடமைகளுள் ஒன்றாக வைத்தார். பொருள் பெற்றுக்கொண்டு விருந்தினரைப் பேணும் விடுதிக்கும் அவ்வறம் உண்டோ? மும்பை நகரின் தாஜ்மகால் விடுதியை முன்வைத்து இதனைச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

தொழிற்பெருமகனார் ஜாம்ஷெட்ஜி டாட்டா எழுப்பிய அம்மாளிகை 1903ஆம் ஆண்டு டிசம்பரில் திறக்கப்பெற்றது. அதன் எதிரே கடற்கரையில் நிற்கும் ‘கேட்வே ஆப் இந்தியா’ என்னும் வளைவு முடிவுற்றதோ 1924இல்தான். முதல் உலகப் போரின்போது அவ்விடுதி 600 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையாகவும் விளங்கிற்று.

கடலை நோக்கிய சாளரமும், அகன்ற படிக்கட்டும், அறுசுவை உணவும் அங்குத் தங்குவோர்க்கு உண்டு. இவை யாவும் கட்டணம் செலுத்தினால் கிடைப்பவை. கட்டணத்திற்கு அடங்காத ஒன்றை 2008ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் இரவு உலகம் கண்டது.

அன்று பயங்கரவாதிகள் உட்புகுந்து சுட்டனர், தீயும் மூண்டது. பின்வழிகளை நன்கறிந்த பணியாளர்கள் தாம் முதலில் தப்பியிருக்கலாம். அவர்களோ விருந்தினரை முன்னே அனுப்பிவிட்டுத் தாம் பின்னே நின்றனர். அவர்களுள் சிலர் உயிர் துறந்தனர். பொது மேலாளர், தம் மனைவியையும் மைந்தர் இருவரையும் அந்நெருப்பில் இழந்தும், பிறரைக் காக்கும் பணியைக் கைவிட்டாரில்லை. சிதைந்த பழம் பகுதி செப்பனிடப்பெற்று, 2010ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் மீண்டும் திறக்கப்பட்டது.

மாணவச் செல்வங்களே, நாளை நீங்களும் ஊதியம் பெற்று ஏதேனும் ஒரு தொழில் புரிவீர்கள். ஊதியம் வேலைக்கு அளவு கூறும். கடமைக்கு அளவு கூறாது. அந்த இரவு பணியாற்றியவர்கள் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். நீங்களும் உணர்வீர்களாக.