கடலடியில் ஒரு கொதிகலன்

 

வட்டகொடை போன்ற மலைநாட்டு ஊர்களில் தேநீருக்கு வைக்கும் நீர், நூறு பாகை செல்சியசை எட்டு முன்னரே கொதித்துவிடுகின்றது. உயரத்தில் காற்றின் அமுக்கம் குறைவதே காரணம். இதற்கு நேர்மாறான ஓரிடம் இந்து சமுத்திரத்தின் அடியில் உண்டு. அங்கே ஏறத்தாழ 360 பாகைச் சூடான நீர் பீறிட்டெழுகின்றது. எனினும் அது ஆவியாவதில்லை. 2,400 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்து நீரின் பாரம், கரையில் நாம் தாங்கும் அமுக்கத்தைப் போல் சுமார் 240 மடங்காக அதனை அழுத்திப் பிடித்திருக்கின்றது. 2,524 மீற்றர் உயரமுள்ள பிதுருதலாகலை மலையை அங்கு இறக்கி வைத்தால் உச்சி மாத்திரமே வெளியில் தெரியும்.

ரொட்ரிகஸ் தீவுக்குத் தென்கிழக்கேயுள்ள இவ்வூற்றுத் தொகுதிக்குக் கைரே என்று பெயர். 2000ஆம் ஆண்டில் ஜப்பானிய விஞ்ஞானிகள் கைக்கோ என்னும் ஆளில்லா நீர்மூழ்கியை இறக்கி இதனைக் கண்டனர். உலகில் இத்தகைய ஊற்று முதன்முதலாகக் காணப்பட்டது 1977இல், கலாபகோஸ் தீவுகளுக்கு அருகிலாகும்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் போன்றதென இதனை எண்ணிவிடாதீர்கள். கடற்றரை பிளந்து விலகுமிடத்தில், வெடிப்புகளூடாக இறங்கும் கடல்நீர் கற்குழம்பின் வெப்பத்தாற் சூடேறி, இரும்பு, செம்பு, நாகம் ஆகியவற்றைக் கரைத்துக்கொண்டு மேலெழுகின்றது. குளிர்நீரிற் பட்டதும் அவை கரும்புகைபோற் பிரிந்து, படிந்து, தேயிலைத் தொழிற்சாலையின் புகைபோக்கி போன்று உயர்கின்றன.

தேயிலைக் கொழுந்துக்குச் சூரியன் வேண்டும். அவ்விருளிலோ, ஊற்றிலிருந்து வரும் இரசாயனங்களைக் கொண்டே பற்றீரியாக்கள் உணவு தயாரிக்கின்றன. 2001இல் அங்கு கண்டெடுக்கப்பட்ட ஒரு நத்தையின் காலில் இரும்புச் சல்பைட் படிந்த செதில்கள் கவசம்போல் அடுக்கப்பட்டிருந்தன. அது இரை தேடி அலைவதில்லை. அதன் உடலினுள் வாழும் பற்றீரியாக்களே அதற்கு உணவூட்டுகின்றன. இரணமளிப்பவன் அதன் வயிற்றுக்குள்ளேயே அடுக்களையை அமைத்துவிட்டான்!

அந்நத்தை 2019இல் அழிவை எதிர்நோக்கும் உயிரினமாகப் பட்டியலிடப்பட்டது. ஆழ்கடற் சுரங்க அச்சுறுத்தலின் பொருட்டு அவ்வாறு சேர்க்கப்பட்ட முதல் உயிரினம் அதுவே. அப்போது அது வாழ்வதாக அறியப்பட்ட மூன்று இடங்களையும் சேர்த்தால் ஐந்து ஏக்கரளவுதான். தோட்டத்தில் ஒரு மலைக்குக்கூடப் போதாது. அவற்றுள் இரண்டு, கனிம ஆய்வுக்கு உரிமம் வழங்கப்பட்ட பகுதிகளுக்குள் அடங்கியிருந்தன.

இந்தியாவும் 2016இல் இச்சமுத்திரத்தில் 10,000 சதுர கிலோமீற்றர் பரப்பை ஆராய ஒப்பந்தம் செய்தது. 2024 டிசம்பரில் சென்னை, கோவா நிறுவனங்களின் ஆய்வாளர்கள் 4,500 மீற்றர் ஆழத்தில் இயங்கும் ஊற்றொன்றைப் படம்பிடித்தனர். மகிழத்தக்க சாதனைதான். ஆயினும், அறிவதற்காக இறங்குவது வேறு. அள்ளுவதற்காக இறங்குவது வேறு.

எந்நாட்டுக்கும் சொந்தமில்லாத அந்த அடித்தளத்தை மனித குலத்தின் பொதுவுடைமை என்று 1982ஆம் ஆண்டின் கடற்சட்டம் கூறுகின்றது. பொதுவுடைமை என்றால் முந்தியவர் எடுத்துக்கொள்வதா, அன்றி அமானிதமா? அச்சட்டத்தை வகுத்த மாநாட்டுக்கு 1973 முதல் 1980இல் மரணிக்கும் வரை தலைமை தாங்கியவர் நம் நாட்டவரான ஷேர்லி அமரசிங்க என்பது நம்மிற் பலருக்குத் தெரியாது. அச்சட்டத்தின்கீழ் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் அமைந்த சர்வதேச கடற்படுகை அதிகார சபை, அகழ்வுக்கான விதிகளை 2025ஆம் ஆண்டு அமர்வுகளிலும் நிறைவேற்றவில்லை. பேச்சுவார்த்தை நீடிக்கின்றது.